இஃபே ஆறாண்டுத் தொடக்கக் கல்வித் திட்டம்

நைஜீரியாவின் இஃபே பல்கலைக்கழகம் (இன்றைய ஒபாஃபெமி அவொலொவோ பல்கலைக்கழகம்) 1970 முதல் 1978 வரை நடத்திய கல்வி ஆய்வு. தொடக்கப்பள்ளியின் ஆறு ஆண்டுகளும் யொருபா மொழியிலேயே பாடம் நடந்தால் பிள்ளைகள் எப்படித் தேறுவார்கள் என்பதை வகுப்பறையில் வைத்தே இது சோதித்துப் பார்த்தது. ஆப்பிரிக்க மொழிகளைப் பயிற்றுமொழியாக்கும் பேச்சு எங்கே எழுந்தாலும் இந்தத் திட்டத்தின் பெயர் அடிபடும்.

நைஜீரியாவின் மேற்கு மண்டலத்தில் 1955-இல் இலவசத் தொடக்கக் கல்வி வந்ததும் பள்ளிகள் நிரம்பி வழிந்தன. முதல் மூன்று ஆண்டுகள் யொருபாவில் படித்த பிள்ளைகள் நான்காம் வகுப்பில் ஆங்கிலத்துக்கு மாற வேண்டும் என்பது வழக்கம். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்கள் ஏராளம். ஆங்கிலம் அவர்களுக்குக் கைவந்திருக்காது, சொந்த மொழியிலும் கணக்கையோ அறிவியலையோ முறையாகக் கற்றிருக்க மாட்டார்கள். கல்வியியல் பேராசிரியர் பாபதுண்டே அலியு ஃபாஃபுன்வா (1923–2010) இந்த இடத்தில்தான் கை வைத்தார். பெரும்பாலோருக்குப் படிப்பு ஆறாண்டில் முடிகிறது என்றால், அந்த ஆறாண்டு வீணாகாமல் இருப்பதே நாட்டு வளர்ச்சியின் முதல் படி என்பது அவர் வாதம். மொழிப்பற்றைவிடப் பிழைப்பைப் பற்றிய வாதம் அது.

ஃபோர்டு அறக்கட்டளையின் நிதியுதவியோடு, இஃபேயை ஒட்டிய மொடகெகேயில் ஒரு பள்ளியில் திட்டம் தொடங்கியது. சோதனை வகுப்புகளுக்கு ஆறாண்டும் யொருபா. ஆங்கிலத்தை ஒரு பாடமாக மட்டும், அதற்கென்றே பயிற்சி பெற்ற ஆசிரியர் நடத்தினார். ஒப்பீட்டு வகுப்பு பழைய வழக்கப்படி நான்காம் ஆண்டில் ஆங்கிலத்துக்கு மாறியது. சில ஆண்டுகளில் வேறு பள்ளிகளும் சேர்க்கப்பட்டன.

கடினமான வேலை பாடநூல் எழுதுவதுதான். யொருபா, கணிதம், அறிவியல், சமூகவியல், ஆங்கிலம் ஆகிய ஐந்து பாடங்களுக்கும் புதிதாக நூல்கள் எழுத வேண்டியிருந்தது. 1884-இலேயே முழு விவிலியமும் அச்சான மொழிதான் யொருபா. ஆனால் மேல்வகுப்புகளுக்கு அறிவியல் சொல்லித்தரும் நூல் அதில் இல்லை. கணிதத்தில் சிக்கல் வேறு மாதிரி. யொருபாவின் மரபு எண்முறை இருபதை அடியாகக் கொண்டது, கழித்தலால் நடப்பது. 45 என்பதை ‘ஐம்பதுக்கு ஐந்து குறைவு’ என்பார்கள். அந்த ஐம்பதே ‘மூன்று இருபதுக்குப் பத்துக் குறைவு’ என்று அமைந்தது. பத்தடிமானக் கணக்கோடு இதை இணைப்பது எந்த நூலாசிரியருக்கும் எளிதல்ல.

முடிவு தெளிவாகவே வந்தது. யொருபாவில் படித்த பிள்ளைகள் கணிதம், அறிவியல், சமூகவியல் பாடங்களில் முந்தினார்கள். பெற்றோர் எதற்கு அஞ்சினார்களோ அந்த ஆங்கிலத்திலும் அவர்கள் பின்தங்கவில்லை. புதிய நூல்களும் தனி ஆசிரியரும் பல்கலைக்கழகத்தின் கவனமும் சேர்ந்து கிடைத்த பலனில் மொழியின் பங்கு மட்டும் எவ்வளவு என்று விமர்சகர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் தாய்மொழி வழியில் படித்தால் ஆங்கிலம் கெட்டுவிடும் என்ற அச்சத்தை அந்தக் கேள்வி மீட்டுத் தராது.

யொருபா பெரிய மொழி, சிறு மொழிகள் என்ன செய்யும் என்ற மறுப்புக்கும் அதே காலத்தில் ஒரு விடை உருவாயிற்று. மொழியியலாளர் கே வில்லியம்சன் முன்னின்று நடத்திய, நைஜீரியாவின் ரிவர்ஸ் மாநில வாசிப்பு நூல் திட்டம், சுமார் 20 சிறு மொழிகளில் பள்ளி நூல்களை வெளியிட்டது. ஒரே அளவில், மலிவான அச்சில் வந்தவை அவை. ஆயினும் அங்கே தாய்மொழி தொடக்க வகுப்புகளுக்கான ஏணியாகவே கருதப்பட்டது; ஆறாண்டுப் பயிற்றுமொழியாக அல்ல.

1977-இல் வெளியான தேசியக் கல்விக் கொள்கை, தொடக்கநிலையில் தாய்மொழி அல்லது சுற்றுப்புற மொழி, பின்னர் ஆங்கிலம் என்றது. இஃபே கண்ட முடிவுக்குப் பாதி வழிதான். ஃபாஃபுன்வாவே 1990-இல் கல்வி அமைச்சரானபோதும் ஆறாண்டுத் தாய்மொழிக் கல்வி நாடு முழுதும் நடைமுறைக்கு வரவில்லை. மேல்நிலைத் தேர்வும் அரசு வேலையும் ஆங்கிலத்தில் இருக்கும்வரை பணம் உள்ளவர்கள் பிள்ளைகளை ஆங்கிலவழித் தனியார் பள்ளிக்கு அனுப்பினார்கள். இல்லாதவர்களும் அதையே விரும்பினார்கள். தான்சானியாவிலும் இதே முடிச்சுதான்: 1967 முதல் தொடக்கக் கல்வி சுவாஹிலியில், மேல்நிலைப் பள்ளி ஆங்கிலத்தில். எத்தியோப்பியாவோ 1994-க்குப் பிறகு சில மாநிலங்களில் எட்டாம் வகுப்புவரை உள்ளூர் மொழிகளைக் கொண்டுசென்றது.

2022 நவம்பரில் நைஜீரிய அமைச்சரவை ஆறாண்டுத் தாய்மொழிக் கல்வியைக் கொள்கையாக ஏற்றது. நூல்களும் ஆசிரியர்களும் தயாரான பிறகே முழுமையாக நடைமுறைக்கு வரும் என்று அப்போதைய அமைச்சர் அடாமு அடாமு சொன்னார். 2025 நவம்பரில் அது கைவிடப்பட்டது; எல்லா நிலையிலும் ஆங்கிலமே பயிற்றுமொழி என்று அரசு அறிவித்தது. தாய்மொழியை அதிகம் பின்பற்றிய பகுதிகளில் மாணவர்கள் தேசியத் தேர்வுகளில் தோற்றார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். அந்தத் தேர்வுகள் ஆங்கிலத்தில் நடப்பவை.