இலண்டன் குளிர்காலமும் வீட்டுக்குச் சென்ற கடிதங்களும்: மேற்கிந்தியக் குடியேறிகள், 1948–1963

ஒரு பெருநகரின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதன் அரண்மனைகளையும் பாராளுமன்றத்தையும் வணிக நிலையங்களையுமே முதலில் நோக்குவது வழக்கம். அந்நகரின் வாடகை அறையொன்றில் ஒருவன் குளிரை எவ்வாறு தாங்கினான், அதற்கென எதனைச் செலவிட்டான், அதனைத் தன் தாய்க்கு எவ்வாறு அறிவித்தான் என்னும் வினாக்கள் அற்பமானவை போலத் தோன்றும். ஆயினும் வர்க்கம், நிறம், கூலி, வீட்டுவசதி முதலிய பெரிய விடயங்கள் சாதாரண மக்களின் வாழ்க்கையைத் தீண்டுவது இத்தகைய சிறிய விடயங்களின் ஊடாகவேயாம். 1948 முதல் 1963 வரையான காலப்பகுதியில் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து இலண்டனுக்குக் குடிபெயர்ந்தோரின் குளிர்கால வாழ்க்கையையும், அதனை அவர்கள் ஊருக்கு அறிவித்த வகையையும் ஒருங்கு சேர்த்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1948 ஆம் ஆண்டு யூன் 22 ஆம் நாள் ‘எம்பயர் வின்ட்றஷ்’ என்னும் கப்பல் ரில்பரித் துறையில் மேற்கிந்தியப் பயணிகளை இறக்கியது. தங்குமிடமற்றிருந்த இருநூற்றுக்கும் மேற்பட்டோர், போர்க்காலத்தில் கிளப்பம் சவுத்தில் நிலத்தடியே அமைக்கப்பட்ட பாதுகாப்பறைகளில் தற்காலிகமாகத் தங்கவைக்கப்பட்டனர். அவர்கள் தொழில் தேடிச் சென்ற அலுவலகம் அண்மையிலுள்ள பிறிக்ஸ்ரனில் அமைந்திருந்தது. அப்பகுதி பின்னர் மேற்கிந்தியரின் முக்கிய குடியிருப்பாக வளர்ந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும். 1952 ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தினால் ஐக்கிய அமெரிக்கா தன் வாயிலை ஒடுக்கியதும், 1956 முதல் இலண்டன் போக்குவரத்துச் சபை பார்படோசிலேயே நேரடியாக ஆட்சேர்ப்பு நடத்தியதும் இக்குடிபெயர்வை மேலும் வலுப்படுத்தின.

கோடையில் வந்திறங்கியோருக்கு நகரத்தின் உண்மைக் குணம் சில மாதங்களின் பின்னரே புலப்பட்டது. டிசெம்பரில் இலண்டனிற் பிற்பகல் நான்கு மணிக்கு முன்னரே சூரியன் மறைந்துவிடும். இலையுதிர்த்து நின்ற மரங்கள் பட்டுப்போனவையெனவும், வீடுதோறும் புகை கக்கிய கூண்டுகளைக் கண்டு அவ்வீடுகள் யாவும் தொழிற்சாலைகள் எனவும் தாம் முதலிற் கருதியதாக அத்தலைமுறையினர் பலர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளனர். பேசும்போது வாயிலிருந்து ஆவி எழுவதும் அவர்களுக்குப் புதுமையாகவே இருந்தது.

குளிரின் கொடுமை வெளியே மட்டுமன்றி அறையினுள்ளும் இருந்தது. கறுப்பினத்தோருக்கு இடமில்லை என்னும் பொருள்பட அறிவித்தல்கள் சன்னல்களிற் காணப்பட்ட காலம் அது. வாடகைக்குக் கிடைத்தவையோ பெரும்பாலும் பழைய பெருவீடுகளைக் கூறுபோட்டு அமைத்த தனியறைகளாகும். ஒரே அடுப்பைப் பல குடும்பங்கள் முறைவைத்துப் பயன்படுத்தின. நாணயம் இட்டாலன்றி எரிவாயு மானி இயங்காது. ஆகவே, பலர் மண்ணெண்ணெய்க் கணப்பையே நம்பினர். அது மலிவானது. ஆனால் அதன் நெடி உடையிலும் போர்வையிலும் ஊறியது. எரியும்போது எழும் நீராவி சுவரிற் படிந்து பூஞ்சணம் பிடித்தது. கவிழ்ந்தால் வீடே தீப்பற்றியது. வெப்பம் என்பது வாரக் கூலியிலிருந்து கணக்கிட்டுப் பெறவேண்டிய பொருளாயிற்று.

நகரத்து ஏழை மக்கள் யாவரும் இத்துன்பத்திற் பங்காளிகளே என்பதும் மறக்கத்தக்கதன்று. 1952 ஆம் ஆண்டு டிசெம்பர் 5 முதல் 9 வரை நிலக்கரிப் புகையும் மூடுபனியும் கலந்து நகரைக் கவிந்தபோது, பேருந்துகள் நின்றன. சட்லர்ஸ் வெல்ஸ் அரங்கினுட் புகை புகுந்ததால் இசைநாடகம் இடையிலே கைவிடப்பட்டது. அக்காலக் கணிப்பின்படி ஏறத்தாழ 4,000 பேர் மாண்டனர். பிற்கால ஆய்வுகள் இத்தொகையை 12,000 வரை உயர்த்தியுள்ளன. 1956 ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத்துக்கு இந்நிகழ்ச்சியே வித்திட்டது. அதே ஆண்டில் வெளிவந்த, திரினிடாட் எழுத்தாளர் சாம் செல்வனின் ‘த லோன்லி லண்டனேர்ஸ்’ என்னும் நாவல், புகைமூட்டம் கவிந்த குளிர்கால மாலையொன்றிலே தொடங்குவது குறிப்பிடத்தக்கது.

இவ்வாழ்க்கை ஊரை எவ்வாறு சென்றடைந்தது? இரண்டாம் உலகப் போரின்போது, 1941 இல், மத்திய கிழக்கிலிருந்த படையினருக்கென அறிமுகமான விமானக் கடிதத்தாள் 1943 முதல் பொதுமக்களுக்கும் கிடைத்தது. அதன் விலை ஆறு பென்ஸ். ஒரே தாளை மடித்தால் அதுவே உறையுமாகும். உள்ளே வேறெதனையும் வைத்தல் ஆகாது. எனவே பணம் வேறாக, அஞ்சற் கட்டளையாகச் சென்றது. வானொலியும் ஒரு வழியாயிற்று. யமேக்காவைச் சேர்ந்த யூனா மார்சன் போர்க்காலத்தில் பி. பி. சி. யில் நடத்திய ‘கோலிங் த வெஸ்ற் இன்டீஸ்’ நிகழ்ச்சி, பிரித்தானியாவிலிருந்த மேற்கிந்தியரின் செய்திகளை அவர்தம் குடும்பங்களுக்குக் கொண்டுசென்றது. மூன்றாவது வழி புகைப்படம். பிறிக்ஸ்ரனில் ஹரி யேக்கப்சின் நிலையத்திலே, வரைந்த பின்திரையின் முன் மேற்கிந்தியர் தம் சிறந்த உடையில் நின்று படம் பிடித்து ஊருக்கு அனுப்பினர். அப்படத்தில் மண்ணெண்ணெய் நெடிக்கு இடமில்லை.

ஈண்டு வரலாற்று மாணவன் ஊன்றி நோக்கவேண்டிய விடயம் ஒன்றுண்டு. பயணச் சீட்டுக்காகக் கடன்பட்ட குடும்பத்துக்குக் கடிதம் எழுதுபவன், அக்கடன் வீணாகவில்லை என்பதையும் எழுதவேண்டியவனாகின்றான். ஆதலின் அவன் எதனைச் சொன்னான் என்பதோடு எதனைச் சொல்லவில்லை என்பதும் சான்றேயாகும். குளிரைப் பற்றித் தாராளமாக எழுதலாம். ஏனெனில் குளிர் எவருடைய குற்றமுமன்று. அதனைத் தாங்குவது பெருமையுமாகும். கதவைத் தட்டிய இடத்தில் நிறத்தைக் கண்டு கதவடைக்கப்பட்டமையை எழுதினாலோ, அது தாயின் உறக்கத்தைக் கெடுக்கும். எனவே, சொல்லத்தகாத துன்பத்துக்குச் சொல்லத்தக்க துன்பம் போர்வையாயிற்று எனக் கொள்ளலாம்.

எனினும் அம்மக்கள் குளிருக்கு அடங்கியே வாழ்ந்தனர் எனக் கருதுதல் பொருந்தாது. 1958 இல் நொட்டிங் ஹில்லில் நிகழ்ந்த இனவன்முறையைத் தொடர்ந்து, ‘வெஸ்ற் இன்டியன் கசெற்’ பத்திரிகையை நிறுவிய குளோடியா யோன்ஸ் 1959 சனவரி 30 இல் சென் பங்கிராஸ் நகர மண்டபத்திலே கரிபியன் களியாட்டவிழாவை நடத்தினார். தெருவில் வெயிலில் ஆடவேண்டிய விழா, நடுக்குளிர்காலத்தில் மண்டபத்தினுள் நடைபெற்றது. ஊருக்குச் செய்தி அனுப்பிய மக்கள் ஊரையே நகருக்குள் வரவழைத்தனர்.

1962 இன் பொதுநலவாய குடிவரவாளர் சட்டம் யூலை மாதம் நடைமுறைக்கு வருமுன்னர், பெருந்தொகையானோர் விரைந்து வந்து சேர்ந்தனர். அவர்களுள் முன்னர் வந்தோரின் மனைவியரும் பிள்ளைகளும் இருந்தனர். அவர்கள் கண்ட முதற் குளிர்காலமோ, 1740 இன் பின் இங்கிலாந்து அறிந்தவற்றுள் மிகக் கடுமையானது. டிசெம்பர் 26 இல் தொடங்கிய பனிப்பொழிவைத் தொடர்ந்த உறைகுளிர் மார்ச்சுத் தொடக்கம் வரை நீங்கவில்லை. 1963 சனவரியில் மத்திய இங்கிலாந்தின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்கு 2.1 பாகை செல்சியஸ் கீழே நின்றது. கடிதம் படித்தோரே இப்போது கணப்பைச் சூழ்ந்திருந்தனர். கடிதம் சொல்லாது விட்டவற்றை அவர்கள் தாமே கண்டறிந்தனர்.

இவ்வாய்வு நமக்கும் அயலானதன்று. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் குளிர்காலத்தைக் கழித்த நம்மவர் எழுதிய விமானக் கடிதங்கள் ஈழத்து வீடுகளின் பெட்டகங்களில் இருந்தன. இடப்பெயர்வுகளில் அழிந்தவை போக எஞ்சியவை இன்னும் சில இருத்தல் கூடும். அவற்றைத் தேடிப் பேணுதலும், எழுதியோர் உயிருடன் இருக்கும்போதே அவர்கள் எழுதாது விட்டவற்றைக் கேட்டுப் பதிவுசெய்தலும் வரலாற்று மாணவரின் உடனடிக் கடமையாகும். வானிலைப் பதிவேடு குளிரின் அளவைச் சொல்லும். அதனைத் தாங்கியவரின் வரலாற்றை அது சொல்லாது.