சி பிளாக் தரைத்தளத்தில் நிற்கும் ஸ்டாண்டர்டு ஹெரால்டு

கடந்த பொதுக்குழுவில் "ஓடாத வண்டிகளை வாகன நிறுத்தத்திலிருந்து அப்புறப்படுத்த வேண்டும்" என்ற தீர்மானம் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பட்டியலில் ஐந்து வண்டிகள். நான்கைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஐந்தாவது, சி பிளாக் லிஃப்டுக்குப் பின்னால் தார்ப்பாய்க்குள் இருக்கும் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அடுத்த செயற்குழு கூடுமுன் அதன் கதையை நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது என்று நினைக்கிறேன்.

இது சென்னைக் கார். ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனியின் தொழிற்சாலை வண்டலூர்ப் பக்கம் இருந்தது. 1953-இல் மத்திய அரசு ஒரு முடிவெடுத்தது: வெளிநாட்டிலிருந்து உதிரிகளைக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்பது மட்டும் போதாது, படிப்படியாக இந்தியாவிலேயே தயாரிக்கும் திட்டம் உள்ளவர்களுக்கே அனுமதி. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. கார் சந்தையில் முக்கியமாக நின்றவை கல்கத்தாவின் இந்துஸ்தான், பம்பாயின் பிரீமியர், நம் ஸ்டாண்டர்டு ஆகிய மூன்றும்தான். அம்பாசடர், பியட் பெயர்கள் இன்றைய பிள்ளைகளுக்கும் தெரியும். சொந்த ஊர்க் காரின் பெயர் தெரியாது. இதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

ஹெரால்டு 1959-இல் இங்கிலாந்தில் டிரையம்ப் பெயரில் வந்தது. உருவம் வரைந்தவர் இத்தாலியின் டூரின் நகரைச் சேர்ந்த ஜொவான்னி மிக்கெலோட்டி. அந்தக் கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்த நிறுவனத்தைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டதால், முழு பாடியை ஒரே இடத்தில் செய்ய வழியில்லை. எனவே தனி சேஸிஸ் போட்டு, அதன்மேல் பல இடங்களில் செய்த தகடுகளைப் போல்ட்டால் முடுக்கினார்கள். நெருக்கடியில் பிறந்த இந்த ஏற்பாடு நமக்குப் பெரிய வசதி: துருப்பிடித்த துண்டை மட்டும் கழற்றி மாற்றலாம். பானெட் இரண்டு மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கமாகச் சாயும். டயர்மேல் உட்கார்ந்தே என்ஜின் வேலை பார்க்கலாம்.

இந்தியாவில் 1961 முதல் 948 சிசி என்ஜினோடு விற்றார்கள். இங்கிலாந்தில் பிறகு பெரிய என்ஜின் போட்டார்கள். நாம் 948-லேயே இருந்தோம். ஆனால் நான்கு கதவு ஹெரால்டு நம் நாட்டில் மட்டுமே வந்தது. பின்சீட்டில் பாட்டியும் மூன்று பிள்ளைகளும் ஏறுகிற நாட்டில் இரண்டு கதவை வைத்து என்ன செய்வது? சி பிளாக் கார் அந்த நான்கு கதவு வகை. ஆர்.சி. புத்தகத்தில் 1969 என்றிருக்கிறது. அதற்குப் பின் 1972-இல் கெசல் வந்தது. 1985-இல் ரோவர் உடலோடு ஸ்டாண்டர்டு 2000 வந்தது. 1983 கடைசியிலேயே மாருதி இறங்கியிருந்த சந்தையில் அது எடுபடவில்லை. 1988-இல் தொழிற்சாலை மூடப்பட்டது.

காருக்குச் சொந்தக்கார அம்மையாரின் கணவர் காலமானபின் 2011-லிருந்து வண்டி நகரவில்லை. அவர் அனுமதியோடு, ஏ பிளாக் இளைஞர்கள் இருவரும், புதுப்பேட்டையிலிருந்து வந்த பழைய மெக்கானிக் ஒருவரும், கணக்கெழுத நானுமாக மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்தோம்.

பலர் சொன்ன யோசனை, "புது பேட்டரி போட்டு செல்ஃப் அடித்துப் பாருங்கள்" என்பது. மெக்கானிக் கையை ஆட்டி மறுத்துவிட்டார். பதினான்கு வருடம் நின்ற என்ஜினில் சிலிண்டர் சுவரில் துரு பூத்திருக்கும், பிஸ்டன் ரிங்குகள் ஒட்டியிருக்கும். பலவந்தமாகச் சுற்றினால் ரிங் உடையும். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் என்ஜின் ஆயில் விட்டு ஒரு வாரம் அப்படியே விட்டோம். அடுத்த ஞாயிறு கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டுக் கையால் மெதுவாக அசைத்ததில், முதலில் அரைக்கால் சுற்று, பிறகு முழுச் சுற்று வந்தது. அந்த அரைக்கால் சுற்றுக்குக் கைதட்டல் விழுந்தது!

பழைய ஆயிலை வடித்துப் புதிது ஊற்றினோம். பிளக் இல்லாமலே செல்ஃபில் சுற்றி, ஆயில் பிரஷர் விளக்கு அணையும்வரை பார்த்தோம். டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட்டில் படிந்த பாசியை மெல்லிய எமரித் தாளால் தேய்த்தோம். எலி கடித்த ஒயர்களைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

டாங்கியில் கிடந்த பெட்ரோல் வார்னிஷ் மாதிரி ஆகிவிட்டது. அதைத் தொடாமல், ஒரு பாட்டிலில் புது பெட்ரோல் வைத்து டியூப் மூலம் கொடுத்தோம். கார்புரேட்டர் ஜெட்டுகளைக் கழற்றிக் கழுவியபின், மூன்றாவது ஞாயிறு காலை என்ஜின் பிடித்தது. முதலில் வெண்புகை, பிறகு நிதானமான சத்தம். நான்கு நிமிடம் ஓடியது; ரேடியேட்டர் ஹோஸ் கசிந்ததால் நிறுத்திவிட்டோம். அம்மையார் பால்கனியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

வண்டியை இன்னும் நகர்த்தவில்லை. பிரேக் ஆயில் ஈரம் இழுக்கும். வீல் சிலிண்டர்கள் உள்ளே துருப்பிடித்து இறுகியிருக்கின்றன. ரப்பர் எல்லாம் மாற்ற வேண்டும். பெட்ரோலும் இந்தக் காருக்குத் தெரிந்த பெட்ரோல் அல்ல. வால்வு சீட்டைக் காத்துவந்த ஈயம் 2000-இல் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. இப்போது 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். அது பழைய ரப்பரை அரிக்கும், தண்ணீரையும் உறிஞ்சும். எத்தனால் தாங்கும் ஹோஸ் போடாமல் தெருவில் இறக்கக் கூடாது.

இனி காகித வேலை. வணிகவியல் படித்தவனுக்கு இதில்தான் ருசி! 2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி, 50 ஆண்டு தாண்டி, பெரிய மாற்றம் செய்யப்படாத கார் விண்டேஜ் வகையில் பதிவாகலாம். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. ஏற்கனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு மட்டும். காய்கறி வாங்கப் போகவேண்டுமென்றால் சாதாரணப் பதிவைப் புதுப்பிக்கும் வழிதான். எதுவானாலும் இன்ஷூரன்ஸ் கட்டாயம்.

இதுவரை செலவான தொகை முழுவதையும் அம்மையார் கொடுத்திருக்கிறார். சங்க நிதியிலிருந்து ஒரு பைசா இல்லை. ரசீதுகள் அலுவலகக் கோப்பில் உள்ளன. செயற்குழுவிடம் நாங்கள் கேட்பது, அந்த ஒரு வண்டிக்கு மட்டும் ஆறு மாத அவகாசம். உங்கள் வீட்டுப் பரணில் ஹெரால்டின் பழைய மேனுவலோ, வீல் சிலிண்டர் கிட்டோ, ஹப் கேப்போ கிடந்தால் அலுவலகத்தில் கொடுங்கள். இடது பின்பக்க ஹப் கேப் ஒன்று குறைகிறது.