மார்ஜரி மார்கோலிஸ்-மெஸ்வின்ஸ்கியும் 1993 ஆம் ஆண்டு வரிச் சட்டமும்

மார்ஜரி மார்கோலிஸ்-மெஸ்வின்ஸ்கி அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பிரதிநிதிகள் அவையில் 1993 முதல் 1995 வரை ஒரே ஒரு தவணை பணியாற்றியவர். பென்சில்வேனியா மாநிலத்தின் 13 ஆவது தொகுதியில் ஜனநாயகக் கட்சி சார்பில் தேர்ந்தெடுக்கப்பட்டார். வரியை உயர்த்த மாட்டேன் என்று சொல்லி வென்ற அவர், 1993 ஆகஸ்ட் 5 அன்று வரி உயர்வைக் கொண்ட வரவு செலவுச் சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தார். அந்தச் சட்டம் 218-க்கு 216 என்ற கணக்கில் நிறைவேறியது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் அவர் பதவியை இழந்தார். வரியையும் அரசுச் செலவையும் முன்வைத்துத் தேர்தலில் நிற்பவர்கள், பதவிக்கு வந்தபின் சந்திக்கும் சிக்கலுக்கு அமெரிக்க அரசியலில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் நிகழ்வு இது.

பின்னணி

பிரதிநிதிகள் அவையில் 435 உறுப்பினர்கள் உள்ளனர். இவர்களது பதவிக்காலம் இரண்டே ஆண்டுகள். வருவாய் தொடர்பான சட்ட முன்வரைவுகள் இந்த அவையிலேயே முதலில் கொண்டுவரப்பட வேண்டும் என்பது அமெரிக்க அரசியலமைப்பின் விதி. கட்சியின் முடிவை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவி இழக்கும் ஏற்பாடு அங்கு இல்லை. ஆகவே ஒவ்வொரு வாக்கும் அந்த உறுப்பினரின் பெயரிலேயே பதிவாகிறது. வரிக்கு ஆதரவாக அளித்த ஒரு வாக்கு, அடுத்த தேர்தலில் அவரது தொகுதியிலேயே அவருக்கு எதிராகப் பேசப்படும்.

1980-களில் அமெரிக்க நடுவணரசின் பற்றாக்குறை வேகமாக வளர்ந்தது. 1981 இல் அதிபர் ரொனால்டு ரீகன் காலத்தில் வருமான வரி பெருமளவு குறைக்கப்பட்டது. பாதுகாப்புச் செலவு கூடியது. முதியோர் ஓய்வூதியம், முதியோர் மருத்துவக் காப்பீடு ஆகிய பெரிய செலவினங்கள் தொடர்ந்து வளர்ந்தன. 1988 அதிபர் தேர்தலில் புதிய வரி எதுவும் விதிக்க மாட்டேன் என்று உறுதியளித்து வென்ற ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ், 1990 இல் பற்றாக்குறையைக் குறைக்கும் உடன்பாட்டின் பகுதியாக வரி உயர்வுக்கு இணங்கினார். வருமான வரியின் உச்ச விகிதம் 28 விழுக்காட்டிலிருந்து 31 விழுக்காடானது. 1992 தேர்தலில் அவர் தோற்றதற்கு அந்த வாக்குறுதி மீறலும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

1992 நிதியாண்டில் பற்றாக்குறை ஏறத்தாழ 29,000 கோடி டாலரை எட்டியது. அவ்வாண்டு அதிபர் தேர்தலில் கட்சி சார்பின்றி நின்ற தொழிலதிபர் ராஸ் பெரோ, பற்றாக்குறையையே தமது பரப்புரையின் மையமாக்கிச் சுமார் 19 விழுக்காடு வாக்குகளைப் பெற்றார். வரி கூடக் கூடாது, பற்றாக்குறையும் குறைய வேண்டும் என்ற இரு கோரிக்கைகளும் ஒரே வாக்காளர்களிடமிருந்து எழுந்த காலம் அது.

1992 தேர்தல்

13 ஆவது தொகுதி பிலடெல்பியா நகரை ஒட்டிய மான்ட்கோமரி மாவட்டத்தை மையமாகக் கொண்டிருந்தது. 'மெயின் லைன்' எனப்படும் செல்வந்தர்கள் வாழும் புறநகர்ப் பகுதியின் ஒரு பகுதியும் அதில் அடங்கும். பதிவு செய்த வாக்காளர்களில் குடியரசுக் கட்சியினரே பெரும்பான்மையினர். 1961 முதல் 1969 வரை ரிச்சர்டு ஷ்வைக்கரும், பின்னர் 1993 வரை லாரன்ஸ் காக்லினும் குடியரசுக் கட்சி சார்பில் இத்தொகுதியின் உறுப்பினர்களாக இருந்தனர்.

காக்லின் மீண்டும் போட்டியிடாததால் 1992 இல் களம் திறந்தது. ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரான மார்ஜரி, தொலைக்காட்சிச் செய்தியாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றி அறிமுகம் பெற்றவர். குடியரசுக் கட்சி சார்பில் மான்ட்கோமரி மாவட்ட ஆணையர்களில் ஒருவரான ஜான் ஃபாக்ஸ் நின்றார். தொகுதியின் இயல்பை அறிந்திருந்த மார்ஜரி, நடுத்தர வகுப்பினர்மீது வரிச்சுமை ஏற்றுவதை எதிர்த்தும் அரசுச் செலவைக் குறைக்க வலியுறுத்தியும் பரப்புரை செய்தார். இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் வாக்களித்த அத்தேர்தலில் இரண்டாயிரத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். பெண்கள் பெரும் எண்ணிக்கையில் பேராயத்துக்குத் தேர்வானதால் 'பெண்களின் ஆண்டு' என்று அழைக்கப்பட்ட 1992 இன் வெற்றியாளர்களுள் அவரும் ஒருவர்.

1993 சட்டத்தின் உள்ளடக்கம்

1993 சனவரியில் பதவியேற்ற அதிபர் பில் கிளிண்டன், ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 50,000 கோடி டாலர் அளவுக்குப் பற்றாக்குறையைக் குறைக்கும் திட்டத்தை முன்வைத்தார். அதில் ஒரு பகுதி வரி உயர்வு; மற்றொரு பகுதி செலவுக் குறைப்பு. இறுதி வடிவத்தில் அதன் முதன்மைக் கூறுகள் இவை:

வருமான வரியில் 36 விழுக்காடு, 39.6 விழுக்காடு என இரு புதிய உச்ச விகிதங்கள் வந்தன. கணவனும் மனைவியும் இணைந்து கணக்குத் தாக்கல் செய்யும்போது, வரிக்குரிய ஆண்டு வருமானம் 1,40,000 டாலரைத் தாண்டினால் முதல் விகிதமும், 2,50,000 டாலரைத் தாண்டினால் இரண்டாவது விகிதமும் பொருந்தின.

எரிபொருள் மீதான நடுவணரசு வரி கேலனுக்கு 4.3 சென்ட் உயர்ந்தது. நிறுவன வருமான வரியின் உச்ச விகிதம் 34 இலிருந்து 35 விழுக்காடானது.

குறிப்பிட்ட வரம்புக்கு மேல் வருமானமுள்ள ஓய்வூதியர்களின் சமூகப் பாதுகாப்புத் தொகையில் 85 விழுக்காடு வரை வரிக்கு உட்பட்டது.

குறைந்த ஊதியம் பெறும் உழைப்பாளர் குடும்பங்களுக்கான வரிச்சலுகை விரிவாக்கப்பட்டது.

வருமான வரி விகித உயர்வு நாட்டின் மிகச் சிறு பகுதியினரை மட்டுமே தொட்டது. ஆனால் அந்தச் சிறு பகுதியினர் அதிகமாக வாழ்ந்த தொகுதிகளில் ஒன்று மார்ஜரியின் தொகுதி. மேலும் புதிய விகிதங்கள் 1993 சனவரி 1 முதலே முன்தேதியிட்டு நடைமுறைக்கு வந்தன. வாகனம் ஓட்டும் ஒவ்வொருவரும் எரிபொருள் வரி உயர்வைக் கண்ணால் காண முடிந்தது. சட்டத்தை எதிர்த்தவர்களுக்கு இவை அனைத்தும் வலுவான பேசுபொருளாயின.

1993 ஆகஸ்ட் 5 வாக்கெடுப்பு

திட்டத்தின் முதல் வடிவம் மே 27 அன்று பிரதிநிதிகள் அவையில் 219-க்கு 213 என்ற கணக்கில் நிறைவேறியபோது மார்ஜரி எதிர்த்து வாக்களித்தார். ஆற்றல் பயன்பாட்டின் மீது விரிவான புதிய வரி ஒன்று அவ்வடிவத்தில் இருந்தது. செனட் அதை நீக்கி எரிபொருள் வரியை மட்டும் வைத்தது. இரு அவைகளின் வடிவங்களையும் இணைத்த இறுதி முன்வரைவு ஆகஸ்ட் 5 அன்று வாக்கெடுப்புக்கு வந்தது. அதையும் எதிர்க்கப் போவதாகவே மார்ஜரி தொகுதி மக்களிடம் தெரிவித்திருந்தார்.

குடியரசுக் கட்சியின் உறுப்பினர் ஒருவரும் ஆதரிக்கவில்லை. ஜனநாயகக் கட்சியிலும் 41 பேர் எதிர்த்தனர். வாக்குகள் சமநிலையை நெருங்கியிருந்த நிலையில் கிளிண்டன் மார்ஜரியைத் தொலைபேசியில் அழைத்து ஆதரவு கேட்டார். தமது வாக்குதான் முடிவைத் தீர்மானிக்கும் என்றால் மட்டுமே ஆதரிப்பதாகவும், ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு போன்ற நிலையான செலவினங்களின் வளர்ச்சியைப் பற்றி விவாதிக்கத் தமது தொகுதியில் ஒரு மாநாடு நடத்தப்பட வேண்டும் என்றும் அவர் கேட்டார். அதிபர் இணங்கினார்.

இறுதி நிமிடங்களில் அவர் அவையின் முன்பகுதிக்குச் சென்று ஆதரவு வாக்கைப் பதிவு செய்தார். அவரது அரசியல் வாழ்வு முடிந்தது என்ற பொருளில் குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் கைகளை அசைத்து அவர் பெயரைச் சொல்லி விடைகொடுத்துக் கூவினர். மறுநாள் செனட்டில் 50-க்கு 50 என்று வாக்குகள் சமமாக, துணை அதிபர் ஆல் கோர் அளித்த வாக்கால் 51-க்கு 50 என்ற கணக்கில் முன்வரைவு நிறைவேறியது. ஆகஸ்ட் 10 அன்று கிளிண்டன் கையொப்பமிட்டார்.

பிரின் மார் மாநாடு

வாக்களித்தபடி 1993 டிசம்பரில் தொகுதியிலுள்ள பிரின் மார் கல்லூரியில் மாநாடு நடைபெற்றது. கிளிண்டன் அதில் கலந்துகொண்டார். நடுவணரசின் செலவில் பெரும்பகுதி ஆண்டுதோறும் புதிதாக ஒதுக்கப்படுவதில்லை. ஏற்கெனவே உள்ள சட்டங்களின்படி ஓய்வூதியர்களுக்கும் நோயாளிகளுக்கும் தானாகவே செல்கிறது. இதைத் தொடாமல் செலவைக் குறைக்க முடியுமா என்பதே மாநாட்டின் பொருள். அரசு அலுவலகங்களின் வீண்செலவைக் குறைப்போம் என்று மேடையில் சொல்வது எளிது. முதியவர்களின் மருத்துவச் செலவைக் குறைப்போம் என்று சொல்வது எளிதன்று. மாநாட்டிலிருந்து உடனடிச் சட்ட மாற்றம் எதுவும் வரவில்லை.

1994 தேர்தல்

1994 இல் ஜான் ஃபாக்ஸ் மீண்டும் களமிறங்கினார். வரியும் மார்ஜரியின் வாக்கும் போட்டியின் முதன்மைச் செய்திகளாயின. முந்தைய தேர்தலில் சொன்னதும் அவையில் செய்ததும் வேறு என்ற வாதத்துக்கு விரிவான விளக்கம் தேவைப்படவில்லை. பற்றாக்குறையைக் குறைப்பதும் தாம் அளித்த வாக்குறுதிதான் என்று மார்ஜரி தரப்பு பதிலளித்தது. ஆனால் பற்றாக்குறைக் குறைப்பின் பயன் பல ஆண்டுகள் கழித்தே தெரியக்கூடியது. வரி உயர்வோ உடனே தெரிந்தது.

நாடு முழுவதும் அதே திசையில் காற்று வீசியது. 1994 செப்டம்பர் 27 அன்று நியூட் கிங்ரிச் தலைமையில் குடியரசுக் கட்சி வேட்பாளர்கள் 300-க்கும் மேற்பட்டோர் வாசிங்டனில் பேராயக் கட்டடத்தின் படிகளில் கூடி 'அமெரிக்காவுடனான ஒப்பந்தம்' என்ற அறிக்கையில் கையொப்பமிட்டனர். குழந்தை ஒன்றுக்கு 500 டாலர் வரிச்சலுகை, பற்றாக்குறையைத் தடைசெய்யும் அரசியலமைப்புத் திருத்தம், வருமான வரி விகிதத்தை உயர்த்த அவையில் ஐந்தில் மூன்று பங்கு ஆதரவு ஆகியவை அதில் இருந்தன. எந்தச் செலவை எவ்வளவு குறைப்பது என்ற விரிவான பட்டியல் இல்லை.

நவம்பர் 8 அன்று குடியரசுக் கட்சி 54 இடங்களைக் கூடுதலாகப் பெற்று, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அவையில் பெரும்பான்மையானது. அவைத் தலைவர் டாம் ஃபோலியே தமது தொகுதியில் தோற்றார். 13 ஆவது தொகுதியில் ஃபாக்ஸ் சுமார் 49 விழுக்காடும் மார்ஜரி சுமார் 45 விழுக்காடும் பெற்றனர்.

பின்விளைவுகள்

புதிய பெரும்பான்மை செலவுக் குறைப்பில் இறங்கியபோது அதே சிக்கலைச் சந்தித்தது. முதியோர் மருத்துவக் காப்பீட்டின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் முயற்சியில் கிளிண்டனுடன் மோதல் ஏற்பட்டது. நிதி ஒதுக்கீடு இல்லாமல் 1995 நவம்பரிலும், பின்னர் டிசம்பர் 16 முதல் 1996 சனவரி 6 வரையிலும் அரசு அலுவலகங்கள் பல மூடப்பட்டன. கருத்துக் கணிப்புகளில் மக்கள் கூடுதலாகக் குடியரசுக் கட்சியையே குறைகூறினர். 1996 தேர்தலில் ஜான் ஃபாக்ஸ் வெறும் 84 வாக்குகள் வித்தியாசத்தில் தப்பினார். 1998 இல் ஜனநாயகக் கட்சியின் ஜோ ஹோஃபெலிடம் தோற்றார்.

பற்றாக்குறை ஆண்டுதோறும் குறைந்து, 1998 நிதியாண்டில் ஏறத்தாழ 6,900 கோடி டாலர் உபரி ஏற்பட்டது. 1969-க்குப் பின் கிடைத்த முதல் உபரி அது. 2001 வரை உபரி நீடித்தது. குழந்தைகளுக்கான வரிச்சலுகை 1997 ஆகஸ்ட் 5 அன்று, அதாவது மார்ஜரியின் வாக்குக்குச் சரியாக நான்கு ஆண்டுகள் கழித்து, சட்டமானது.

மார்ஜரி பின்னர் பெண்களை அரசியலுக்குப் பயிற்றுவிக்கும் பன்னாட்டு அமைப்பொன்றை நிறுவினார். 2014 இல் அதே எண்ணுள்ள தொகுதிக்காகக் கட்சி உட்தேர்தலில் நின்று தோல்வியடைந்தார். 2010 இல் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் மீதான வாக்கெடுப்பின்போது தயங்கிய ஜனநாயகக் கட்சி உறுப்பினர்களுக்கு, தம்மையே எடுத்துக்காட்டாக வைத்து, மனசாட்சிப்படி வாக்களிக்குமாறு நாளிதழ்க் கட்டுரை ஒன்றில் அறிவுறுத்தினார்.

மதிப்பீடு

உபரிக்கு 1993 சட்டம் எவ்வளவு காரணம் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. 1990 உடன்பாட்டின் செலவு வரம்புகள், பனிப்போர் முடிந்ததால் சுருங்கிய பாதுகாப்புச் செலவு, தொழில்நுட்பத் துறையின் வளர்ச்சி, குடியரசுக் கட்சி அவையின் அழுத்தத்தால் வந்த 1997 உடன்பாடு ஆகியவையும் பங்களித்தன. எனினும் 1993 சட்டம் பொருளாதாரத்தை வீழ்ச்சிக்குக் கொண்டுசெல்லும் என்ற எதிர்ப்பாளர்களின் கணிப்பு நிறைவேறவில்லை.

மார்ஜரி தமது வாக்குறுதிகளில் ஒன்றைக் காக்க மற்றொன்றைக் கைவிட்டார் என்பது அவரை ஆதரிப்போர் கருத்து. வாக்காளர்கள் அவரை அனுப்பியது வரியைத் தடுக்கவே என்பதால் அவர்கள் அளித்த தீர்ப்பு முறையானதே என்பது எதிர்ப்போர் கருத்து. இரண்டு தேர்தல்களின் முடிவுகளை அருகருகே வைத்துப் பார்க்கும்போது வேறொன்றும் தெரிகிறது. வரியை உயர்த்தியவர் 1994 இல் தண்டிக்கப்பட்டார். செலவைக் குறைக்க முனைந்த கட்சியின் உறுப்பினர் 1996 இல் மயிரிழையில் தப்பினார். பற்றாக்குறை குறைய வேண்டும் என்ற அதே தொகுதியின் வாக்காளர்கள், அதற்கான இரு வழிகளில் எதற்கும் எளிதில் இசைவு தரவில்லை.