மதீனாவின் மரங்கள் சொல்லும் பாடம்

கி.பி. 622இல் நபி (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் செய்து மதீனா வந்தடைந்தபோது, பள்ளிவாசல் எழுப்புவதற்காகப் பனூ நஜ்ஜார் குலத்தாரின் நிலம் பெறப்பட்டது. அதில் நின்ற பேரீச்ச மரங்கள் வெட்டப்பட்டன. ஆயினும் அவை வீணாக்கப்படவில்லை. அத்தண்டுகளே கிப்லாத் திசையில் வரிசையாக நிறுத்தப்பட்டன என்பது ஸஹீஹுல் புகாரியில் பதிவான செய்தி. தேவைக்காக மரம் வெட்டுவதை மார்க்கம் தடுக்கவில்லை என்பதற்கு இது சான்று.

முஹாஜிர்களின் வருகையால் மதீனா பெருகியது. அந்நகரையே நபியவர்கள் ஹரம் என அறிவித்தார்கள். இரு கருங்கல் வெளிகளுக்கு இடைப்பட்ட நிலத்தில் மரம் வெட்டுவதும் வேட்டையாடுவதும் தடுக்கப்பட்டன. நகரைச் சுற்றி 12 மைல் பரப்பு ‘ஹிமா’ எனும் காப்பு நிலமாயிற்று. மரத்தையும் அதை அண்டி வாழும் உயிரையும் சேர்த்தே காத்தது அந்த ஆணை.

அது ஏட்டளவில் நின்றுவிடவில்லை. பிற்காலத்தில் ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள், அகீக் பள்ளத்தாக்குக்குச் சென்ற வழியில் மரம் வெட்டிய ஓர் அடிமையின் உடைமைகளைப் பறிமுதல் செய்தார்கள். எஜமானர்கள் வந்து கேட்டும் திருப்பித்தர மறுத்துவிட்டார்கள்.

இலந்தை மரத்தை வெட்டுவோர் குறித்துக் கடும் எச்சரிக்கை கொண்ட நபிமொழி ஒன்று உண்டு. வழிப்போக்கரும் விலங்குகளும் நிழல் பெறும் மரத்தை நியாயமின்றி, வீணாக வெட்டுவோரையே அது குறிக்கும் என்று இமாம் அபூதாவூத் (ரஹ்) விளக்கினார்கள். ஆக, எது தேவை, எது வீண் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

எங்கள் மதரஸா வளாகத்தில் ஒரு முதிய புளியமரம் நின்றது. வாகனம் நிறுத்த இடம் வேண்டுமென அதை வெட்ட முடிவானபோது நானும் மௌனமாக இருந்தேன். மறுநாள், பொந்தை இழந்த ஆந்தைகள் மதிற்சுவரில் பகலெல்லாம் ஒடுங்கி அமர்ந்திருந்தன. பதிலுக்குப் பத்துக் கன்றுகள் நட்டோம். ஆனால், ஒரு கன்றில் பொந்து உண்டாகப் பல பத்தாண்டுகள் வேண்டுமே!

ஆகவே, வீடோ பள்ளிவாசலோ கட்டுவோர் வரைபடத்தில் முதலில் மரத்தைக் குறியுங்கள். சுவரைச் சற்று விலக்க இயலுமா என்று பாருங்கள். கிளை கழித்தால் போதுமெனில் அடிமரத்தை விட்டுவிடுங்கள். வேரைச் சுற்றிச் சிமெண்ட் பூசாதீர்கள். வெட்டியே தீர வேண்டுமெனில், கூடுகளில் குஞ்சுகள் இல்லாத காலம்வரை பொறுத்திருங்கள்.

என் மௌனத்தை அல்லாஹ் மன்னிப்பானாக! பேச வேண்டிய இடத்தில் பேசும் துணிவை நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.