கேஸ் தீர்ந்துபோகுமா? வீட்டைக் குளிர வைத்த வேலையின் வரலாறு

பங்குனி பிறந்துவிட்டால் போதும், தருமபுரி நகரத்து ஏ.சி. மெக்கானிக்குகளின் செல்போனுக்கு ஓய்வே இருக்காது. அழைப்பவர்களில் பாதிப் பேர் சொல்வது ஒரே வாக்கியம்தான். "அண்ணா, கூலிங்கே வரல. கேஸ் தீர்ந்துபோச்சு போல, வந்து கொஞ்சம் ஏத்திட்டுப் போங்க."

சமையல் கேஸ் தீரும், பெட்ரோல் தீரும். ஏ.சி.யில் இருக்கும் கேஸ் தீருமா? தீராது என்பதுதான் உண்மை! அது எரிபொருள் அல்ல. மூடிய செப்புக் குழாய்க்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும் ஒரு பொருள். அறைக்குள் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சும். மாடியில் இருக்கும் அவுட்டோர் யூனிட்டில் மீண்டும் திரவமாகும்போது அந்த வெப்பத்தை வெளியே விட்டுவிடும். குழாயில் ஓட்டை இல்லையென்றால் பத்து வருடம் ஆனாலும் போட்ட கேஸ் அப்படியே இருக்கும். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ லீக் இருக்கிறது என்று அர்த்தம். லீக்கை அடைக்காமல் கேஸ் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதை.

வருடா வருடம் கேஸ் ஏற்றுவதுதான் பராமரிப்பு என்ற எண்ணம் எப்படி வந்தது? அதைப் புரிந்துகொள்ள, வீட்டைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும் வேலையை முன்பெல்லாம் யார் செய்தார்கள் என்று கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

மின்சாரம் வருவதற்கு முன்பும் வீடுகள் குளிர்ச்சியாகத்தான் இருந்தன. ஆனால் தானாக இருக்கவில்லை. மண் சுவரும் கூரையும், அல்லது நாட்டு ஓடும் வேய்ந்த வீட்டுக்கு ஆண்டு முழுவதும் வேலை உண்டு. கூரைக்குப் புது வேய்ச்சல் போட வேண்டும். ஓட்டைப் பிரித்து, உடைந்ததை எடுத்துவிட்டு மாற்ற வேண்டும். சாணம் மெழுக வேண்டும். பொங்கலுக்கு முன் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். சுண்ணாம்பு அடிப்பது அழகுக்கு மட்டும் அல்ல, வெள்ளைச் சுவர் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும் என்பது குறிப்பிடத்தக்கது. இந்த வேலைகளில் பெரும்பகுதி பெண்கள் தலையில்தான் விழுந்தது. அதற்கு யாரும் 'சர்வீஸ் சார்ஜ்' கொடுத்ததில்லை.

1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாராமகாலைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். இன்றைய தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அந்தப் பாராமகாலில் அடங்கியவை. அலெக்சாண்டர் ரீடின் கீழ் வரி நிர்ணயம் செய்ய வந்த தாமஸ் மன்றோ, 1799 வரை ஏழு ஆண்டுகள் இந்தப் பகுதியில் வேலை பார்த்தார். தருமபுரியில் அவர் வீடும் தோட்டமும் வைத்திருந்தார். பின்னாளில் சென்னை மாகாண கவர்னரான பிறகும் அந்தத் தோட்டத்தின் மீது அவருக்குத் தனிப் பிரியம் இருந்தது. இந்த வறண்ட சீமையில் மர நிழலின் அருமை தெரிந்த வெள்ளைக்காரர் என்று அவரைச் சொல்லலாம்.

அக்கால வெள்ளைக்கார அதிகாரிகளின் பங்களாக்களில் இரண்டு ஏற்பாடுகள் சகஜம். ஒன்று வெட்டிவேர்த் தட்டி. வெட்டிவேரைத் தட்டியாகப் பின்னி, காற்று வரும் பக்கத்துக் கதவிலும் ஜன்னலிலும் கட்டிவிடுவார்கள். அதன் மீது தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தால், தண்ணீர் ஆவியாகும்போது உள்ளே வரும் காற்று குளிர்ந்துவிடும், வாசமும் வீசும். இன்னொன்று பங்கா. கூரையிலிருந்து தொங்கும் பெரிய துணி விசிறியைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து ஒருவர் கயிற்றால் இழுத்துக்கொண்டே இருப்பார். ராத்திரியிலும்தான்! உள்ளே துரை தூங்குவார், வெளியே இழுப்பவர் தூங்கக் கூடாது. தட்டிக்குத் தண்ணீர் தெளிப்பவரின் கை ஓய்ந்தால் கால் மணி நேரத்தில் அது வெறும் காய்ந்த வேர். அந்தக் காலத்துக் குளிர்ச்சிக்குப் பின்னால் இருந்த கை கண்ணுக்குத் தெரிந்தது. மெஷின் வந்த பிறகு அந்தக் கை மறைந்துவிட்டது.

இடையில் ஐஸ் வந்த கதையையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்க வியாபாரி ஃபிரெடரிக் டியூடர் 1833-ல் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குக் கப்பலில் ஏரிப் பனிக்கட்டியை அனுப்பினார். நான்கு மாதப் பயணம். மரத்தூள் மாதிரியான பொருட்களைச் சுற்றி அடைத்ததால் பாதிக்கு மேல் கரையாமல் வந்து சேர்ந்தது. சென்னையில் 1842-ல் அவர் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்று கடற்கரையில் விவேகானந்தர் இல்லமாக இருக்கிறது. 1897-ல் விவேகானந்தர் அங்கே தங்கியபோது ஐஸ் வியாபாரம் எப்போதோ முடிந்துபோயிருந்தது. செயற்கை ஐஸ் தயாரிக்கும் இயந்திரங்கள் வந்து அதை முடித்துவைத்தன.

சரி, ஏ.சி.க்கு வருவோம். 1902 ஜூலையில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகத்துக்காக வில்லிஸ் கேரியர் என்ற 25 வயது இளைஞர் ஓர் இயந்திரத்தை வடிவமைத்தார். மனிதர்களின் வியர்வையைப் போக்க அல்ல! காற்றின் ஈரப்பதத்தால் காகிதம் சுருங்கியும் விரிந்தும் வண்ண அச்சு விலகிப்போனது, அதைச் சரிசெய்யத்தான். அதே 1902 ஜூனில், இங்கே சிவசமுத்திரத்தில் காவிரியிலிருந்து எடுத்த மின்சாரம் கோலார் தங்க வயலுக்குப் போகத் தொடங்கியது. சிவசமுத்திரத்தைத் தாண்டி வரும் காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைந்து கொட்டும் இடம் தருமபுரி மாவட்டத்து ஒகேனக்கல்.

ஆரம்ப காலத்துக் குளிர்சாதனங்களை வீட்டுக்குள் வைக்கப் பயப்பட்டார்கள். அம்மோனியா, சல்ஃபர் டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு என்று எல்லாமே விஷம் அல்லது தீப்பிடிப்பவை. பெர்லினில் குளிர்பதனப் பெட்டி லீக்காகி ஒரு குடும்பமே இறந்த செய்தியைப் படித்துவிட்டுத்தான் ஐன்ஸ்டீனும் லியோ சிலார்டும் 1926-ல் லீக் ஆகாத குளிர்பதனப் பெட்டியை வடிவமைக்க உட்கார்ந்தார்கள். ஐன்ஸ்டீன் பெயரில் ஃபிரிட்ஜ் காப்புரிமை இருப்பது பலருக்குத் தெரியாது. அவர்கள் முந்துவதற்குள் 1928-ல் தாமஸ் மிட்ஜ்லி குழுவினர் வேறு வழி கண்டார்கள். விஷமும் இல்லை, தீயும் பிடிக்காது, வாசனையும் இல்லை. அதுதான் ஃப்ரியான். 1930-ல் மிட்ஜ்லி அந்த வாயுவை உள்ளிழுத்து, மெழுகுவர்த்தி மீது ஊதி அணைத்துக் காட்டினார்.

லீக் ஆனால் ஆள் சாவார் என்ற பயம் இருந்தவரை லீக்கைத் தேடினார்கள். பயம் போன பிறகு, 'போனால் போகட்டும், இன்னும் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம்' என்றாயிற்று. கேஸ் ஏற்றும் பழக்கத்தின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

இந்தியாவில் இந்தத் தொழிலே ரிப்பேரில்தான் பிறந்தது என்று சொன்னாலும் தவறில்லை. ப்ளூ ஸ்டார் நிறுவனத்தை மோகன் டி. அத்வானி 1943-ல் பம்பாயில் தொடங்கியபோது இருந்த ஊழியர்கள் இரண்டே பேர். வேலை, பழைய ஏ.சி.களையும் ஃபிரிட்ஜ்களையும் சரிசெய்து கொடுப்பது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம், புதியவை எளிதில் கிடைக்காது. இருப்பதைப் பராமரிப்பவனுக்கு மதிப்பு இருந்தது.

தருமபுரி 1965 அக்டோபர் 2-ல் தனி மாவட்டமானது. அதன் பிறகு வந்த ஆண்டுகளில் ஓட்டு வீடுகள் மெல்ல மெல்லக் கான்கிரீட் தளங்களாக மாறின. தளம் போட்ட வீடு கௌரவம், மழைக்கும் கவலையில்லை. ஆனால் பகலெல்லாம் வாங்கிய வெயிலை அந்தத் தளம் ராத்திரி முழுக்க உள்ளே இறக்கும். சாயங்காலம் மாடியில் தண்ணீர் ஊற்றும் வேலை அப்போதுதான் வந்தது. ஃபேன் சுற்றினாலும் அனல் காற்றுதான் சுற்றும். 2011-ல் தொடங்கிய அரசின் இலவசத் திட்டத்தில் மிக்ஸி, கிரைண்டரோடு மேசை மின்விசிறியும் வீடு வீடாக வந்தது. அந்த மின்விசிறிக்கும் இதே கதிதான்.

அடுத்து ஏர் கூலர். இது வெட்டிவேர்த் தட்டியின் பேரப்பிள்ளை! தட்டிக்குப் பதில் பேட், தண்ணீர் தெளிப்பவருக்குப் பதில் சின்ன மோட்டார், அவ்வளவுதான். சென்னை மாதிரி கடலோர ஊரில் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம் என்பதால் கூலர் எடுபடாது. தருமபுரியின் கோடைக்காலக் காற்று வறண்டது, அதனால் இங்கே நன்றாகவே வேலை செய்யும். சிக்கல் தண்ணீரில். இந்த மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2008-ல் தொடங்கப்பட்டு 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உப்புத் தண்ணீர். கூலரில் தண்ணீர் மட்டும்தான் ஆவியாகும், உப்பு பேடிலேயே தங்கி வெள்ளைப் பொருக்காகப் படியும். தொட்டித் தண்ணீரை அடிக்கடி முழுதாகக் கொட்டிவிட்டுக் கழுவாவிட்டால் பேட் சீக்கிரமே கல்லாகிவிடும். கொசுவும் முட்டையிடும்.

ஏ.சி.யில் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, பேட் மாற்ற வேண்டியதில்லை. அதனால் வேலையே இல்லை என்று தோன்றிவிடுகிறது. உண்மையில் வேலை உள்ளே போய் ஒளிந்துகொண்டது. உள் யூனிட்டின் மூடியைத் திறந்தால் தெரியும் வலை ஃபில்டரைக் கழற்றிக் குழாய்த் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி மாட்ட ஐந்து நிமிட வேலைதான். தேசிய நெடுஞ்சாலை 44-ஐ ஒட்டியோ, ஜல்லி கிரஷருக்கு அருகிலோ இருக்கும் வீடு என்றால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது செய்ய வேண்டும். அழுக்கு ஃபில்டரை மாற்றினாலே 5 முதல் 15 சதவீதம் வரை மின்சாரம் மிச்சமாகும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. ஃபில்டர் அடைத்துக்கொண்டால் காற்று போதாமல் காயிலில் பனி உறையும், குளிர்ச்சி குறையும். வீட்டுக்காரர் உடனே என்ன சொல்வார்? "கேஸ் தீர்ந்துபோச்சு!"

மாடியில் வெயிலில் கிடக்கும் அவுட்டோர் யூனிட்டின் ஃபின்களில் தூசி அடைத்தாலும் இதே கதைதான். வெப்பத்தை வெளியே விட முடியாமல் கம்ப்ரசர் திணறும், கரண்ட் பில் ஏறும். கோடைக்கு முன் ஒரு வாட்டர் சர்வீஸ் போதும். ஆனால் அவுட்டோருக்கு உப்புத் தண்ணீர் அடித்துவிட்டு அப்படியே காயவிட்டால் ஃபின்னில் அதுவும் படியும், கடைசியில் நல்ல தண்ணீரால் ஒரு முறை அலசிவிடுவது நல்லது. டிரெயின் பைப் அடைத்துக்கொண்டால் தண்ணீர் சுவரில் இறங்கும்.

இனி கேஸ் விஷயம். மிட்ஜ்லியின் வாயு ஆளைக் கொல்லவில்லை, ஆனால் ஆகாயத்தில் போய் வேலையைக் காட்டியது. 1974-ல் மொலினாவும் ரோலண்டும் அது ஓசோனை அழிக்கும் என்று எழுதினார்கள். 1985-ல் அன்டார்டிகா மேலே ஓட்டை தெரிந்தது. 1987-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம், 1992-ல் இந்தியா சேர்ந்தது. வீட்டு ஏ.சி.களில் நெடுங்காலம் இருந்த ஆர்-22 ஓசோனைக் குறைவாகவே கெடுக்கும் வகை என்றாலும் அதற்கும் முடிவு வந்தது. 2024 டிசம்பர் 31-உடன் இந்தியாவில் புதிய சாதனங்கள் தயாரிப்பில் அதன் பயன்பாடு நின்றது. இப்போது பரவலாக இருப்பது ஆர்-32. ஓசோனுக்குத் தீங்கில்லை, ஆனால் பூமியைச் சூடாக்கும் திறன் கரியமில வாயுவைவிட 675 மடங்கு. ஆர்-22-க்கு அது சுமார் 1,810. ஒரு மெக்கானிக் வால்வைத் திறந்து, பழைய கேஸைப் 'புஸ்'ஸென்று காற்றில் விடும்போது போவது இதுதான். 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட குளிரூட்டல் செயல்திட்டம் ஒரு லட்சம் சர்வீஸ் தொழிலாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பதை இலக்காக வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் அவர்கள் உயிர். ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கும். சில ஏ.சி.களில் இருக்கும் ஆர்-290 என்பது புரோப்பேன், அதாவது சமையல் கேஸின் சொந்தக்காரன். மிட்ஜ்லி ஒழித்துவிட்டதாக நினைத்த ஆபத்து சுற்றிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. குழாயில் கேஸ் மிச்சமிருக்கும்போதே வெல்டிங் தீயைக் காட்டுவது, லீக் பார்க்க நைட்ரஜனுக்குப் பதிலாகக் கையிலிருக்கும் ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டி அழுத்தம் ஏற்றுவது... கம்ப்ரசர் எண்ணெயும் ஆக்சிஜனும் சேர்ந்தால் வெடிக்கும். முறையாகச் செய்பவர் முதலில் நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை வைத்து லீக்கைக் கண்டுபிடிப்பார். பிறகு வேக்கம் பம்ப் போட்டுக் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுப்பார். அதன் பிறகே கேஸைத் தராசில் எடை பார்த்து ஏற்றுவார். இதற்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும், காசும் கூடுதல்தான். பத்து நிமிடத்தில் 'ஏத்திட்டேன்' என்று இறங்கி வருபவரிடம் பேரம் பேசி ஜெயிப்பதில் லாபம் ஒன்றும் இல்லை.

எவ்வளவு எடை, எந்த கேஸ் என்பது அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் அச்சாகியிருக்கும். ஆர்-22-ஐவிட ஆர்-32 அதிக அழுத்தத்தில் இயங்குவது, ஒன்றுக்கு மற்றொன்றை மாற்றி ஏற்ற முடியாது. தருமபுரி வெயிலில் அந்த ஸ்டிக்கர் சில வருடங்களில் வெளுத்துப்போகும். ஏ.சி. வாங்கிய அன்றே அதை செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், மாடி ஏறிய மெக்கானிக் கேட்கும் முதல் கேள்விக்குப் பதில் கையில் இருக்கும்.