ஒளி வரைந்த முதல் உழைப்பாளி

மன்னன் முகம் ஓவியத்திலே இருக்கிறது. மன்னன் ஏறிய குதிரையின் முகமுங்கூட இருக்கிறது! அந்தக் குதிரைக்குப் புல் அறுத்துப் போட்டவன் முகம் எங்கே? தேடித் தேடிப் பார்க்கிறோம், காணோம். ஓவியனுக்குக் கூலி கொடுக்க வல்லவனுக்கே உருவம் நிலைத்தது. மற்றவன் உழைத்தான், ஓய்ந்தான், மறைந்தான். இந்த வழக்கத்தை உடைத்தெறிந்தது ஒரு சிறிய இருட்டுப்பெட்டி!

பிரெஞ்சு நாட்டிலே நியெப்ஸ் என்பார், 1827 வாக்கில், உலோகத் தகடொன்றில் நிலக்கீல் பூசி, அப்பெட்டிக்குள் வைத்துச் சன்னலோரம் நிறுத்தினார். ஒளி பட்ட பூச்சு இறுகிற்று. படாத பூச்சை எண்ணெய் கரைத்தது. பல மணி நேரம் காத்திருந்தபின் கூரைகளின் மங்கலான உருவம் தகட்டில் நின்றது. தவத்துக்கு இரங்கி எந்தத் தேவனும் தந்த வரமன்று அது. ஆய்ந்து, தோற்று, மீண்டும் ஆய்ந்து மனிதன் பெற்ற வெற்றி!

1829இல் அவருடன் கூட்டுச் சேர்ந்தவர் தாகேர். 1833இல் நியெப்ஸ் மறைந்தார், முயற்சி மறையவில்லை. வெள்ளி பூசிய செப்புத் தகட்டை அயோடின் ஆவியில் பதப்படுத்தி, ஒளி படச்செய்து, பாதரச ஆவியால் உருவத்தை வெளிக்கொணர்ந்தார் தாகேர். மணிக்கணக்கு நிமிடக்கணக்காயிற்று.

1838இல் பாரிசு நகரத் தெருவொன்றை அவர் படமெடுத்தார். சந்தடி மிக்க தெரு. படத்திலோ வெறிச்சோடிக் கிடக்கிறது! விரைந்து சென்ற வண்டிகளும் சீமான்களும் தகட்டில் பதியவில்லை. பதிந்தவர் இருவர்: காலணி துடைக்க நின்ற ஒருவர், அவர் காலடியில் குனிந்து வேலை செய்த தொழிலாளி. மனித உருவம் தெரியும் நிழற்படங்களுள் நாம் அறிந்தவற்றில் மிகப் பழையது இதுவே. எந்த அரண்மனை ஓவியனும் ஏறிட்டுப் பாராத ஏழையை ஒளி பார்த்தது!

அறிவியல் மேதை அரகோ, 1839 சனவரி 7இல் இச்செய்தியைப் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் அறிவித்தார். அரசு, தாகேருக்கு ஆண்டுக்கு 6000 பிராங்கும், நியெப்சின் மகனுக்கு 4000 பிராங்கும் வாழ்நாள் உதவித்தொகை அளித்து, செய்முறையை வாங்கிற்று. வாங்கிப் பூட்டி வைத்ததா? இல்லை! ஆகஸ்டு 19இல் ஊரறிய வெளியிட்டது. இங்கிலாந்தில் மட்டும் காப்புரிமை குறுக்கே நின்றது; அங்கே கலை தயங்கித் தயங்கிப் பரவிற்று. தடையில்லாத அமெரிக்காவிலோ காட்டுத்தீயெனப் பரவிற்று.

அந்த அமெரிக்காவிலே, அதே 1838இல், அடிமைத்தளை அறுத்துத் தப்பி வந்தார் ஓர் இளைஞர். பிரடெரிக் டக்ளஸ் அவர் பெயர். கருப்பரைக் கேலிப்பொருளாக்கிக் கிறுக்கிய கோணல் சித்திரங்களுக்கு, நிமிர்ந்த தலையும் நேரிட்ட பார்வையுமாக நிழற்படத்தால் விடையளித்தார். அந்நூற்றாண்டில் மிகுதியாகப் படமெடுக்கப்பெற்ற அமெரிக்கர் அவரே என்பர் ஆய்வாளர். கிடைத்துள்ளவை மட்டும் ஏறத்தாழ 160! செய்முறையை உலகறியச் செய்த அரகோவே, 1848இல் குடியேற்ற நாடுகளின் அமைச்சராயிருந்து, பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட அந்நாடுகளில் அடிமைமுறையை ஒழித்த ஆணையிலும் ஒப்பமிட்டார்.

கண்டுபிடித்தல் பாதிப் பணியே. கண்டதை எல்லோர்க்கும் திறந்துவிடல் மறுபாதி. பூட்டிய அறிவு சிலர்க்கு மகுடம். திறந்த அறிவு எல்லோர்க்கும் முகம்!