நாதஸ்வரப் பெட்டியும் வாரோசு கற்பூரமும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

போன மாதம் கிள்ளானில் நம்ம கோயில் சாமான் அறையைச் சுத்தம் செய்தபோது, பரண் மூலையில் ஒரு பழைய மரப்பெட்டி கிடைத்தது. உள்ளே சிவப்பு வெல்வெட் துணி, ஒரு நாதஸ்வரம், நூலில் கோத்த நாலைந்து சீவாளி. தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே பல வருஷம் வாசித்த வித்வான் ஊர் திரும்பும்போது விட்டுப் போனது என்றார்கள் பெரியவர்கள். பெட்டியைத் திறந்ததும் எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டோம். பூஞ்சை வாடையும் சிக்கெண்ணெய் வாடையும் சேர்ந்து அப்படி ஒரு நாற்றம்.

"தூக்கிப் போட்டுடலாம்"னு ஒருத்தர். "நாலு பாச்சை உருண்டை போட்டா சரியாயிடும்"னு இன்னொருத்தர். உருண்டையைப் போட்டோம். ஒரு வாரம் கழித்துத் திறந்தால் பழைய வாடை அப்படியே இருந்தது, அதுக்கு மேல உருண்டை வாடை. பெட்டி இருந்ததோ பிள்ளைகள் தேவார வகுப்புக்கு உட்காரும் அறை. ஓர் அம்மா வந்து, "என் பையனுக்கு ஜி6பிடி குறைபாடு இருக்கு, அதை உடனே எடுத்துடுங்க" என்றார். நம்ம நாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்கு இந்தச் சோதனை செய்வது உங்களுக்குத் தெரியும். அந்தக் குறைபாடு உள்ளவர்களுக்கு உருண்டையில் இருக்கும் நாப்தலீன் ஆகவே ஆகாது. ரத்தச் சிவப்பணு உடைந்து, மஞ்சள் காமாலை வரை போகும். எங்களுக்கு அது தோன்றவே இல்லை. அன்றைக்கே எடுத்துவிட்டோம்.

அந்த உருண்டைப் பாக்கெட்டைப் பார்த்துத்தான் ஒரு பேச்சு வந்தது. மலாயில் இதற்குப் பேர் 'காப்பூர் பாருஸ்'. காப்பூர் என்றால் கற்பூரம். பாருஸ் என்பது சுமத்ராவின் மேற்குக் கரையில் ஓர் ஊர். அதாவது உண்மையான கற்பூரத்தின் பேரைத்தான் இந்த ரசாயன உருண்டை சுமந்துகொண்டிருக்கிறது.

பாருஸ் பக்கம் லோபு துவா என்ற இடத்தில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088. ஐந்நூற்றுவர் என்ற நம்ம வணிகக் குழு வெட்டி வைத்தது. ஊர்ப் பேரை 'வாரோசு' என்று எழுதியிருக்கிறார்கள். கப்பலில் வருபவர்கள் கஸ்தூரி விலைக்கு ஏற்பப் பொன் கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாடும் அதில் இருக்கிறது. 1932-இல் நீலகண்ட சாஸ்திரி இதைப் பற்றி எழுதினார். கடாரம் என்றாலே நாம் 1025-இல் வந்த ராஜேந்திர சோழன் படையைத்தான் பேசுகிறோம். 63 வருஷம் கழித்து இந்தப் பக்கத்தில் கடை விரித்துக் கல்லும் நட்ட வியாபாரிகளை யாரும் பேசுவதில்லை. எங்களுக்கு என்னவோ அவர்கள்தான் நெருக்கமாகத் தெரிகிறார்கள்.

அந்தக் கற்பூரம் காப்பூர் மரத்தின் தண்டுக்குள், வெடிப்புகளில் பளிங்கு மாதிரி உறைந்து கிடக்கும். கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகத்தில் அண்ணாந்து படம் பிடிப்பீர்களே, ஒரு மரத்தின் உச்சி இன்னொன்றைத் தொடாமல் நடுவில் வாய்க்கால் மாதிரி வானம் தெரியுமே, அது இதே மரம்தான். ஜொகூர் காடுகளில் இதைத் தேடிப் போன ஜக்குன் பழங்குடியினர், தேடி முடியும்வரை வழக்கமான பேச்சை விட்டுவிட்டு இதற்கென்று தனிச் சொற்களையே பேசுவார்களாம். பேசாவிட்டால் கற்பூரம் கிடைக்காது என்று நம்பிக்கை.

பிரிக்பீல்ட்ஸ் பூசைக் கடையில் நாம் வாங்கும் வில்லைக்கும் இந்த மரத்துக்கும் சம்பந்தம் இல்லை. இப்போது ஆரத்திக்கு வருவது பெரும்பாலும் டர்பன்டைனிலிருந்து தொழிற்சாலையில் செய்தது. ஒருகாலத்தில் கற்பூரத்தின் மணம் என்ன பாடு படுத்தியிருக்கிறது! நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் வெண்சங்கிடம் விசாரிக்கும்போது முதலில் நினைப்பதே அதைத்தான். சங்கும் ஊதுகிற வாத்தியம்தானே.

சரி, பெட்டிக்கு வருவோம். கற்பூரமோ சாம்பிராணியோ நாற்றத்தை மறைக்கும், போக்காது. நாற்றத்துக்குக் காரணம் ஈரம். கோலாலம்பூர், கிள்ளான் பக்கம் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். 70-ஐத் தாண்டினாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம். வெல்வெட்டையும் அடியில் இருந்த பசையையும் சுரண்டி எடுத்தோம். மனசு வரவில்லை, ஆனால் வாடை அதில்தான் ஊறியிருந்தது. முகக்கவசம் போட்டு, வெளியே வைத்து உலர்ந்த பிரஷால் பூஞ்சையைத் தட்டி, உள்மரத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, காலை வெயிலில் வெறும் பெட்டியை மட்டும் காயவைத்தோம். பிறகு இரண்டு வாரம் துணிப்பையில் அடுப்புக்கரி, ஒரு கிண்ணத்தில் சோடா உப்பு. கரி நன்றாகவே இழுத்தது.

நாதஸ்வரத்தை மட்டும் வெயிலில் காட்டவில்லை. அது ஆச்சா மரம். திடீரென்று காய்ந்தால் வெடித்துவிடும். நரசிங்கம்பேட்டையில் இழைப்பவர்கள் பழைய வீட்டு உத்தரம், தூண் என்று நாள்பட்ட மரமாகத் தேடுவதே அதற்காகத்தான். 2022-இல் அந்த ஊர் நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நம்ம கோயில் வித்வான்தான் துளைக்குள் துணி விட்டுத் துடைத்து, நிழலில் காயவைத்தார். சீவாளிகளைத் தூக்கிப் போடச் சொன்னார். பழைய எச்சில் ஊறியதை யாரும் வாயில் வைக்கக் கூடாதாம்.

இப்போது உள்ளே பருத்தித் துணி விரித்திருக்கிறோம், கூட சிலிக்கா பை இரண்டு. மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து வைக்க ஆள் போட்டாச்சு. வாடை முழுசாப் போகவில்லை, மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் லேசாக வரும். புது சீவாளிக்குச் சொல்லி வைத்திருக்கிறார் வித்வான். வந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை சாயரட்சையில் வாசித்துப் பார்ப்பார். தேதி இங்கேயே போடுகிறோம், வந்துடுங்க.